கழுதைக் காது

ஜனவரி முதல் வாரத்தில் ஹேக்தார்ப் ரக்பி கிளப்பில் மக்கு நாள் வரும்.

லீக் நிர்வாகம் அதற்கு ஒழுங்கான பெயர் ஒன்று வைத்திருக்கிறது. யாரும் அதைச் சொல்வதில்லை. சீசன் தொடங்கும் முன் ஒவ்வொரு ஆட்டக்காரனும் என் முன்னால் உட்கார்ந்து மூளைச் சோதனைக்குப் பதில் சொல்ல வேண்டும். ஐந்து சொற்களைப் படிப்பேன். திருப்பிச் சொல்ல வேண்டும். மாதங்களை டிசம்பரிலிருந்து பின்னோக்கிச் சொல்ல வேண்டும். இன்னும் சில. கடைசியில் முப்பதுக்கு ஓர் எண் வரும். அந்த வருடம் முழுவதும் அதுதான் அவனுடைய எண். ஆட்டத்தில் தலையில் அடிபட்டால் மறுபடி சோதிப்போம். ஜனவரி எண்ணைவிடக் குறைந்தால் வெளியே. குறையாவிட்டால் மறுபடி களத்துக்குள்.

ஆகவே ஜனவரியில் எவ்வளவு முட்டாளோ, அவ்வளவு நல்லது. இதைக் கண்டுபிடிக்க ஆட்டக்காரர்களுக்கு ஒரு சீசன்கூடத் தேவைப்படவில்லை.

இருப்பதிலேயே குறைந்த எண் வாங்கியவனுக்குக் கழுதைக் காது. அட்டையில் வெட்டி, மணிக்கட்டில் சுற்றும் வெள்ளை டேப்பால் ஒட்டியது. அன்று மாலை கிளப் பாரில் அதை மாட்டிக்கொண்டு உட்காருவான். அவனுக்கு மற்றவர்கள் பீர் வாங்கித் தர வேண்டும்.

சில வருடங்களாக அது லிண்டன் ஆக்ராய்டின் சொத்து. முன்வரிசை ஆட்டக்காரன். என் மனைவி கெரியின் அண்ணன்.

பதினேழு வயதில் கிளப் அவனை எடுத்தது. சுரங்கம் மூடிய ஊரில் அந்த உடம்புக்கு வேறு வேலை இல்லை. ரக்பி லீக்கில் முன்வரிசைக்காரனின் பாடு புரிந்துகொள்ள எளிது. பந்தை வாங்கி, எதிரே நிற்கும் மூன்று பேர் மேல் நேராக ஓட வேண்டும். விழ வேண்டும். எழுந்து, எதிரிகளைப் பார்த்து நின்று, பந்தைக் காலால் பின்னுக்குத் தள்ள வேண்டும். மறுபடி ஓட வேண்டும். சந்து தேடி ஓடுகிறவர்கள் வேறு ரகம். பத்திரிகையில் அவர்கள் படம் வரும். லிண்டனின் மூக்கு எத்தனை முறை உடைந்தது என்று அவனுக்கே தெரியாது. ஒரு வருடம் இங்கிலாந்து அணியின் முகாமுக்குக் கூப்பிட்டார்கள். ஆட வைக்காமல் திருப்பி அனுப்பினார்கள்.

அவன் நல்லவன் இல்லை. கீழே கிடப்பவன் முகத்தில் முழங்கையை ஊன்றித்தான் எழுவான். ஒரு புனித வெள்ளியன்று பக்கத்து ஊர் கிர்க்ஷாவின் ஆட்டக்காரன் ஒருவனுடைய தாடையை உடைத்தான். ஸ்ட்ரெச்சரில் அவனைத் தூக்கிப் போகும்போது, கைக்குழந்தைக்குக் காட்டுவது போல விரல்களை மடக்கி மடக்கி டாட்டா காட்டினான். எங்கள் ஊர் எழுந்து நின்று கைதட்டியது. கெரியும் தட்டினாள். தாடை உடைந்தவன் அதன் பிறகு ஆடவில்லை.

போன நவம்பரில் கெரி இறந்தாள். மேட்டுச் சாலையில் பனி உறைந்திருந்தது, கார் நிற்கவில்லை. சவப்பெட்டியின் முன்பக்கம் லிண்டன். பின்னால் வந்தவர்களுக்கு அவன் உயரம் இல்லை, பெட்டி சாய்ந்தது. கல்லறை வரைக்கும் முழங்காலை மடித்துக் குறுகியே நடந்தான்.

ஜனவரியில் நான் வேலைக்குத் திரும்பினேன். கிளப்பின் பிசியோ நான். பல்கலைக்கழகத்தில் படித்தவன் என்பதால் என் பெயர் காலேஜு.

மக்கு நாளில் கதவைத் திறந்து வைப்பது வழக்கம். வெளியே வரிசையில் நிற்பவர்கள் கேட்டுச் சிரிக்க வேண்டும்.

"டேய் காலேஜு, கஷ்டமாக் கேளு," என்றான் ஃபென்டன். அணியின் கோமாளி. "சுலபமாக் கேட்டு வெச்சன்னா தெரியாம சரியாச் சொல்லித் தொலைச்சுருவேன்."

"மாதங்களைப் பின்னாலேர்ந்து சொல்லு."

"டிசம்பர். அப்புறம்... ஞாயித்துக்கிழம. அப்புறம் எங்க மாமியா பொறந்தநாள். அது துக்க நாளு, எண்ணலாமா?"

வெளியே சுவரைத் தட்டிச் சிரித்தார்கள்.

லிண்டன் உள்ளே வந்ததும் கதவைச் சாத்தினான். இதற்கு முன் சாத்தியதில்லை.

"கதவு, தேன், வாளி, குதிரை, ஊசி," என்று படித்தேன்.

மற்ற வருடங்களில் ஐந்து பீர்களின் பெயரைச் சொல்வான். இந்த முறை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கதவு," என்றான். "தேன்." பிறகு நெடுநேரம் எதுவும் வரவில்லை. "ஒரு மிருகம் இருந்துதே. மாடா?"

நான் பதில் சொல்லக் கூடாது.

மாதங்கள். டிசம்பர், நவம்பர், அக்டோபர், ஆகஸ்ட். நின்றான். உள்ளங்கைகளைத் தொடையில் துடைத்தான். மறுபடி டிசம்பரிலிருந்து ஆரம்பித்தான். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

பதினொன்று வந்தது. அவ்வளவு குறைவாக அந்த அறையில் யாரும் வாங்கியதில்லை. ஃபென்டன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான்.

"பதினொண்ணு! வீட்டு நாய்கூடப் பன்னெண்டு வாங்கும்டா! ராஜாவுக்குக் கிரீடம் கொண்டாங்க!"

காதுகளை மாட்டினார்கள். தோளில் தூக்கப் பார்த்து முடியாமல் கீழே போட்டார்கள். லிண்டன் சிரித்தான். இரண்டு கைகளையும் உயர்த்திக் காட்டினான்.

எல்லோரும் பாருக்குப் போன பிறகு திரும்பி வந்து, சிகிச்சை மேசையில் உட்கார்ந்தான். காதுகள் தலையிலேயே இருந்தன.

"மச்சான், இந்தத் தடவ டெஸ்ட்ல நான் வெளாடல."

"என்ன சொல்ற?"

"நெஜமாத்தான் சொன்னேன். டோனா சத்தியம் வாங்கிட்டா. போன வாரம் கிரவுண்டுலேர்ந்து வீட்டுக்குப் போற வழி மறந்துபோச்சு எனக்கு. சுத்திச் சுத்திப் பெட்ரோல் தீந்து நின்னேன். அதுக்குத்தான் சத்தியம். ஒழுங்கா டெஸ்ட் எடு, எவ்வளவு வருதுன்னு பாப்போம்னா." தலை ஆட, காதுகளும் ஆடின. "போன வருஷம் நடிச்சப்ப எவ்வளவு வந்துது?"

"பதினாறு."

"நடிச்சே பதினாறா," என்றான்.

லீட்ஸில் ஒரு மூளை நிபுணர் இருக்கிறார், கோச்சிடம் சொல்லி அனுப்பச் சொல்கிறேன் என்றேன்.

"வேணாம். தூக்கம் சரியில்ல, அதான். கெரி போனதுலேர்ந்தே இல்ல."

"சொல்லத்தான் போறேன் லிண்டன்."

"எங்க கெரி இருந்தா உன் வாய மூடியிருப்பா."

"கெரி இருந்தா எனக்கு முன்னாடி அவ போய்ச் சொல்லியிருப்பா."

எழுந்தான். காதுகளைக் கழற்றினான். என் தலையில் மாட்டி, டேப்பைக் கவனமாக அழுத்திவிட்டான்.

"உனக்குத்தான் பொருத்தமா இருக்கு," என்று சொல்லிப் போனான்.

மறுநாள் காலை கோச் ஸ்டாண்டிஷின் அறையில் கிளப் டாக்டர் ஆம்ஸ்லியும் இருந்தார். நான் சொன்னதைக் கேட்டார்கள்.

"இதுல என்ன புதுசு?" என்றார் ஸ்டாண்டிஷ். "அவன்தான வருஷா வருஷம் காது மாட்டறான்?"

டாக்டர் பழைய எண்களைப் பார்த்தார். "பதினேழு, பதினாறு, பதினாறு, இப்பப் பதினொண்ணு. கொஞ்சம் இறக்கம்தான். ஆனா முன்னாடியும் ஃபெயிலு, இப்பவும் ஃபெயிலு."

"முன்னாடி வந்ததெல்லாம் நடிப்பு. உங்களுக்கே தெரியும்."

"எனக்கு எப்படித் தெரியும்? முட்டாளா இருக்கக் கூடாதுன்னு விதி ஒண்ணும் இல்லையேப்பா."

ஸ்டாண்டிஷ் நாற்காலியை முன்னால் இழுத்தார். "இங்க பாரு காலேஜு. அவன் வாயால சொல்லட்டும். 'இத்தன வருஷம் நடிச்சேன்'னு ஒரு வார்த்த. பழைய நம்பரையெல்லாம் கிழிச்சுட்டு லீட்ஸுக்கு அனுப்பறேன். அவங்க சரின்னு சொல்ற வரைக்கும் பந்தத் தொட மாட்டான். சொல்லலையா, அவன் பொறவி மக்கு. மக்கு ஆடலாம்."

லிண்டன் பயிற்சி உடையில் வந்தான். அவன் மனைவி டோனாவும் வந்தாள். நான்தான் இரவே அவளிடம் பேசியிருந்தேன். பதினொன்று என்றதும், சத்தியத்தை மீறி நடித்துவிட்டான் என்று நினைத்து அவனோடு பேசாமல் இருந்திருக்கிறாள். மீறவில்லை என்று சொன்னதும், எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டாள். பள்ளிச் சமையலறையில் வேலை; ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள்.

"லிண்டன்," என்றார் ஸ்டாண்டிஷ், "இத்தன வருஷம் டெஸ்ட்ல நடிச்சியா?"

"சொல்லு," என்றாள் டோனா. "நடிச்சேன்னு சொல்லு. கேஸை அணைக்க மறந்தது, வழி தொலஞ்சது, எதுவும் நீ சொல்ல வேணாம். அது ஒண்ண மட்டும் சொல்லு."

லிண்டன் அவளைப் பார்க்கவில்லை. கோச்சுக்குப் பின்னால் ஜன்னல். அதில் மைதானம் தெரிந்தது. புதிதாகக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நடிப்பா? எனக்கு எங்க கோச் அதெல்லாம் வரும்? நான் பொறந்ததுலேர்ந்தே மக்கு. இல்லன்னா இவளப் போய்க் கட்டியிருப்பேனா?"

ஸ்டாண்டிஷ் வாய்விட்டுச் சிரித்தார். டாக்டரும் சிரித்தார். லிண்டன் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, அவர்கள் சிரிப்பது நின்றுவிடாதபடி தானும் சிரித்தான்.

டோனா பையை எடுத்துக்கொண்டாள்.

"கீழ விழறப்ப என்னக் கூப்பிடாத," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நடைவழியில் அவனைப் பிடித்தேன்.

"ஏன்டா?"

"புனித வெள்ளிக்குக் கிர்க்ஷாவோட ஆடலன்னா நான் யாரு மச்சான்? சொல்லு. நீ படிச்சவன். யாரு நான்?"

பதிலுக்கு நிற்காமல் மைதானத்துக்குப் போனான்.

அந்தப் புனித வெள்ளிக்கு நல்ல வெயில். லிண்டன் வழக்கம்போல ஆட்டத்துக்கு முன் வாந்தி எடுத்தான். புருவத்திலும் காதிலும் வாஸலின் தடவிவிட்டேன். அம்மோனியா குப்பியை முகர்ந்து தலையை உதறினான். கிர்க்ஷாக்காரர்கள் வடக்குப் பக்கம் முழுவதும் நிறைந்திருந்தார்கள். அவன் பெயரை அறிவித்தபோது அந்தப் பக்கமே ஊளையிட்டது. அவன் அவர்களுக்கு முத்தம் பறக்கவிட்டான்.

ஆட்டம் தொடங்கியதும் முதல் பந்து அவனுக்கு. ஓடினான். கிர்க்ஷா முன்வரிசைக்காரனின் தோள் அவன் காதுக்குக் கீழே பட்டது. விழுந்தான். எழுந்தான். பந்தைத் தரையில் வைத்தான். எதிரிகளைப் பார்த்து நிற்க வேண்டியவன் எங்களைப் பார்த்து நின்றான். காலால் தள்ளிய பந்து நேராகக் கிர்க்ஷாக்காரன் கையில் போய் விழுந்தது. பதினேழு வயதிலிருந்து செய்கிற காரியம். நடுவர் ஊதி ஆட்டத்தை நிறுத்தி, என்னைப் பார்த்துக் கையசைத்தார்.

உடைமாற்றும் அறைக்குக் கூட்டி வந்தேன். சோதனைக்குப் பத்து நிமிடம். டாக்டர் ஆம்ஸ்லி தாளை எடுத்தார்.

"இது எந்த கிரவுண்ட்?"

"ஹேக்தார்ப்."

"முதல் பாதியா, ரெண்டாம் பாதியா?"

"முதல்."

"கடைசியா பாயிண்ட் எடுத்தது யாரு?"

"நாங்கதான்."

அதுவரைக்கும் யாரும் எடுத்திருக்கவில்லை. டாக்டர் தப்பென்று ஒரு கோடு போட்டார். சொற்களைப் படித்தார். இன்று வேறு சொற்கள்: மேகம், சாவி, ரொட்டி, பாலம், நரி.

லிண்டன் மூச்சுவிடாமல் சொன்னான். "கதவு, தேன், வாளி, குதிரை, ஊசி."

ஜனவரிச் சொற்கள். ஐந்தும் வரிசைப்படி. வீட்டில் உட்கார்ந்து மனப்பாடம் செய்திருக்க வேண்டும். சொல்லி முடித்துவிட்டு, சரிதானே என்பது போல என்னைப் பார்த்தான்.

டாக்டர் ஐந்து கோடு போட்டார். மாதங்களைக் கேட்டார். அதில் ஜூலை வரை பிசகாமல் போனான்.

"மச்சான்," என்றான் என்னிடம், பூட்ஸ் கயிற்றை இறுக்கிக்கொண்டே. "கெரி எங்க உக்காந்திருக்கா? அதே எடந்தானா? வெளிய போறப்பப் பாத்தேன், தட்டுப்படல."

நான் டாக்டரைப் பார்த்தேன்.

"கேட்டீங்களா? கெரி செத்துட்டா டாக்டர். இவன்தான் பெட்டியத் தூக்கினான். நீங்களும் வந்திருந்தீங்க."

டாக்டர் தாளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"பன்னெண்டு வருது," என்றார். "ஜனவரியவிட ஒண்ணு கூட."

"தங்கச்சி செத்தது அவனுக்கு ஞாபகம் இல்ல!"

"அது கேள்வில இல்லையேப்பா."

"யாரு செத்துட்டா?" என்றான் லிண்டன்.

டாக்டரின் வாக்கி-டாக்கியில் ஸ்டாண்டிஷின் குரல் வந்தது. "வரானா இல்லையா? இங்க நம்மள நசுக்கறானுங்க!"

"வரான்," என்றார் டாக்டர். கையெழுத்துப் போட்டார்.

நான் கதவை அடைத்து நின்றேன். லிண்டன் என் அக்குளில் இரண்டு கைகளையும் கொடுத்துத் தூக்கி, நாற்காலியை நகர்த்துவது போல ஓரமாக வைத்தான். வலிக்கவில்லை.

"நகரு மச்சான். அவ பாத்துட்டிருப்பா."

அடுத்தது பெரிய மோதல்கூட இல்லை. ஓடி வந்த ஒருவனை வீழ்த்தக் குனிந்தான். பக்கத்திலிருந்து அதற்கே குனிந்த ஃபென்டனின் இடுப்பு அவன் நெற்றியில் பட்டது. சத்தம் வரவில்லை. மல்லாந்து விழுந்தான். இரண்டு கைகளும் விறைத்து மேலே நின்றன, எதையோ வாங்கப் போவது போல.

நான் போய்ச் சேரும்போது ஃபென்டன் முட்டி போட்டு அவன் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தான். "எந்திரிடா ராஜா. டேய். எந்திரி." அவனை இழுத்து அப்பால் விட வேண்டியிருந்தது.

ஸ்ட்ரெச்சர் வடக்குப் பக்கமாகத்தான் போக வேண்டும். வாசல் அங்கே இருக்கிறது. பக்கத்தில் நடந்தேன். கிர்க்ஷாக்காரர்கள் ஊளையிடவில்லை. எழுந்து நின்றார்கள். ஒவ்வொருவரும் கையை உயர்த்தி, விரல்களை மடக்கி மடக்கி டாட்டா காட்டினார்கள். அந்தப் பக்கம் முழுவதும். தோளில் குழந்தையை வைத்திருந்த ஓர் அப்பா, குழந்தையின் கையைப் பிடித்துக் காட்டினார். எங்கள் ஊர்க்காரர்கள் பெனால்டி தரவில்லை என்று நடுவரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆம்புலன்ஸிலிருந்து டோனாவுக்குப் பேசினேன்.

"விழுந்துட்டானா?" என்றாள்.

"ஆமா."

"கண்ணு தெறந்திருக்கா?"

"இல்ல."

சாவிக்கொத்து குலுங்கும் சத்தம் கேட்டது. "எந்த ஆஸ்பத்திரி?" என்றாள்.

மண்டையைத் திறந்து ரத்தக் கட்டியை எடுத்தார்கள். பிழைத்தான். நடக்கிறான். சாப்பிடுகிறான். இழப்பீட்டை முடிவு செய்யக் கிளப்பின் காப்பீட்டுக்காரர்கள் அனுப்பிய மருத்துவர் மறுபடி சோதனை வைத்தார். பதினொன்று. பழைய எண்களையும் வாங்கி வைத்துப் பார்த்தார். நடிப்பென்று யாரும் ஒப்புக்கொண்டதில்லை. எல்லாம் உண்மையாகவே நின்றது. இவர் ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான், ஆட்டத்தால் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்தார்.

கழுதைக் காதுகளைக் கண்ணாடிச் சட்டம் போட்டு கிளப் பாரில் மாட்டியிருக்கிறார்கள். கீழே அவன் பெயர். மரியாதைக்குத்தான் செய்தார்கள். நான் இப்போது அங்கே வேலை பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். டோனா வரச் சொன்னாள். அவள் கொஞ்சம் தூங்க வேண்டும்.

இந்த ஞாயிறும் போனேன். ஜூலை, சமையலறையில் வெக்கை. லிண்டன் மேசையில் தயாராக உட்கார்ந்திருந்தான். பூட்ஸ் பை கதவருகில். என்னைப் பார்த்ததும் முதுகை நிமிர்த்தினான்.

"கதவு, தேன், வாளி, குதிரை, ஊசி."

காத்திருந்தான்.

"பாஸ்," என்றேன்.

"பின்ன? மக்கா நானு? ஸ்டாண்டிஷ்கிட்ட சொல்லு, நான் ஃபிட்டுன்னு."

"சொல்றேன்."

"கெரி வரலையா?"

முதல் சில வாரங்கள் உண்மையைச் சொன்னோம். ஒவ்வொரு முறையும் அப்போதுதான் கேட்பவன் போல அலறுவான். சுவரில் முட்டிக்கொள்வான், புதிதாகத் தைத்த மண்டை. தேநீர் ஆறுவதற்குள் மறுபடி கேட்பான். கடைசியில் டோனா சொன்னாள்: "போதும். வேலைக்குப் போயிருக்கான்னு சொல்லு. உன்னால முடியலன்னா வராத."

"ஷிஃப்ட்ல இருக்கா," என்றேன்.

"எப்பப் பாத்தாலும் ஷிஃப்ட்டு. நீ என்னத்தப் படிச்சுக் கிழிச்ச? பொண்டாட்டிய ஒரு ஞாயித்துக்கிழம வீட்ல உக்கார வெக்க முடியல." டோனாவைப் பார்த்துக் கண்ணடித்தான். "காலேஜு மாப்பிள்ள."

டோனா வறுத்த இறைச்சியை வெட்டிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"எப்ப வருவா?"

"சாயங்காலம்."

அவன் எழுந்து அலமாரியிலிருந்து ஒரு தட்டை எடுத்து, என் பக்கத்து இடத்தில் வைத்தான். கத்தியையும் முட்கரண்டியையும் இரு பக்கமும் வைத்தான். கத்தி கோணலாக இருந்தது, நேராக்கினான். பிறகு முகம் மாறியது. எதையோ தேடுகிற முகம். டோனா வெட்டுவதை நிறுத்தினாள்.

"மச்சான்."

"ம்."

"காரை மெதுவா ஓட்டச் சொல்லு அவள. மேட்டு ரோட்ல பனி உறைஞ்சிருக்கும்."

"சொல்றேன்," என்றேன்.

டோனா அந்தத் தட்டிலும் இறைச்சியை வைத்தாள்.